விளாவும் கை

பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது பிரான்சிலிருந்து அத்தை வந்து இறங்கினார். மாமா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களைப் புதுச்சேரியில் இன்றும் அப்படித்தான் சொல்கிறோம். பாரிசுக்கு வடக்கே சார்செல்லில் நாற்பது வருஷமாகக் குடித்தனம். வந்த மறுநாள் விடியற்காலை குளியலறையிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"ஏம்பா, உங்க வீட்டு பலோன் ராத்திரி எத்தன மணிக்கு ஓடும்?"

"பலோன் இல்ல அத்த, கீசர். சுவிட்சப் போட்டாத்தான் ஓடும். பத்து நிமிஷம் பொறுங்க."

"அப்போ ராத்திரி பூரா அது என்னதான் பண்ணுது?"

எங்கள் கீசர் ராத்திரி பூரா சுவரில் தொங்குகிறது, அவ்வளவுதான். அத்தை வீட்டு பலோனின் கதை வேறு. வெந்நீர்த் தொட்டிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த செல்லப்பெயர் அது. ஆளுயர வெள்ளை உருளை, 200 லிட்டர் பிடிக்கும், அலமாரிக்குள் நிற்கும். ஊர் அடங்கியதும் மின்பெட்டியில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். யாரும் சுவிட்சைத் தொடாமலே தொட்டி சூடேறத் தொடங்கும். விடிவதற்குள் இன்னொரு 'டக்'. தொட்டி இருப்பது அத்தை வீட்டில். அதை எப்போது சுடவைப்பது என்று முடிவு செய்வது மின்சார நிறுவனம்.

இப்போது நம் ஊர்க் கடைகளிலும் வைஃபை கீசர் வந்துவிட்டது. பேருந்தில் வரும்போதே கைபேசியில் தட்டினால் வீட்டில் வெந்நீர் தயார் என்கிறார் விற்பனையாளர். வாங்கலாமா வேண்டாமா என்பதற்கு முன்னால், வெந்நீரில் கட்டுப்படுத்த என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு சூடு, எத்தனை மணிக்கு, அதை யார் தீர்மானிப்பது? அத்தையின் கேள்வி கடைசி இரண்டையும் பற்றியது. எனக்கு முதல் இரண்டிலிருந்து தொடங்கத் தோன்றுகிறது, ஏனென்றால் நம் ஊரில் விஷயம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகிறது.

ஒரு யூனிட் மின்சாரம் 860 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கும். இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், வெந்நீர்க் கணக்கு முழுவதையும் வாய்க்கணக்காகவே போட்டுவிடலாம். தை மாதம் காலை ஆறு மணிக்கு எங்கள் மாடித் தொட்டித் தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன். 25 டிகிரி. உடம்புக்கு இதமான குளியல் சூடு 40. எங்கள் வாளி 18 லிட்டர். 18 லிட்டரை 15 டிகிரி ஏற்ற வேண்டும். 270-ஐ 860-ஆல் வகுத்தால் 0.31 யூனிட். ஒருவர் குளித்தாயிற்று.

அதே தை மாதத்தில் சார்செல் குழாயில் வரும் தண்ணீர் 10 டிகிரியை ஒட்டி இருக்கும். அங்கே வாளி கிடையாது, ஷவர்தான். பத்து நிமிடத்தில் 80 லிட்டர் ஓடும் என்று வைத்தால், 30 டிகிரி ஏற்ற 2.8 யூனிட். நம் வாளிக் குளியலைப்போல ஒன்பது மடங்கு. வெந்நீரைச் சிக்கனமாக்கும் கருவிகள் எல்லாம் அந்த ஊர்க் கணக்கை வைத்துப் பிறந்தவை. அங்கே மிச்சமாகும் தொகையை அப்படியே இங்கே எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

வெயில் காலத்தில் இந்தக் கணக்கே தலைகீழாகிவிடும். மே மாதம் பிற்பகல் இரண்டரை மணிக்கு அதே தெர்மாமீட்டரைக் குழாயடியில் பிடித்தேன். முதல் செம்புத் தண்ணீர் 47 டிகிரி. ஒரு வாளி போன பிறகு 38. கறுப்புத் தொட்டியும் மொட்டை மாடியில் வெயிலில் கிடக்கும் குழாயும் சேர்ந்து, யாரும் கேட்காமலே ஒரு சோலார் ஹீட்டராகிவிடுகின்றன. அந்த மாதங்களில் புதுச்சேரிக்காரர் விடியற்காலையிலேயே வாளியை நிரப்பி வைத்துவிட்டு, சாயங்காலம் அந்தக் குளிர்ந்த தண்ணீரில் குளிப்பார். அதுவும் ஒரு நேரக் கட்டுப்பாடுதான். ஆப் எதுவும் தேவைப்படவில்லை.

இனி சூட்டுக்கு வருவோம். தமிழில் 'விளாவுதல்' என்று ஒரு அருமையான சொல் இருக்கிறது. கொதிக்கும் தண்ணீரில் பச்சைத் தண்ணீரைக் கலந்து பதமாக்குவதைக் குறிக்கும் சொல். வாளியில் சுடுதண்ணீர், கையில் செம்பு. ஊற்றுகிறோம், கலக்குகிறோம், விரலை விட்டுப் பார்க்கிறோம், இன்னும் அரைச் செம்பு ஊற்றுகிறோம், போதும் என்று நிறுத்துகிறோம். பொறியாளர்கள் 'பின்னூட்டக் கட்டுப்பாடு' என்று பாடம் நடத்துவது இதைத்தான். விரல்தான் உணரி, செம்புதான் இயக்கி. வேண்டிய நிலைக்கும் இருக்கிற நிலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து அடுத்த கலவையின் அளவைத் தீர்மானிப்பது மூளை. வித்தியாசம் பெரிதாக இருக்கும்போது முழுச் செம்பு, குறையக் குறையக் கால் செம்பு என்று பாட்டிகள் ஊற்றுவார்களே, அந்தப் பழக்கத்துக்கும் ஒரு பாடப்புத்தகப் பெயர் இருக்கிறது: விகிதக் கட்டுப்பாடு.

ஷவரில் இதே வேலையைச் செய்து பாருங்கள். குமிழைச் சுடுபக்கம் திருப்புகிறோம். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் திருப்புகிறோம். ஐந்து விநாடி கழித்து முதல் திருப்பலும் இரண்டாம் திருப்பலும் சேர்ந்து முதுகில் இறங்குகின்றன. அலறிக்கொண்டு எதிர்ப்பக்கம் திருப்புகிறோம். மறுபடி ஐந்து விநாடி. இப்போது பச்சைத் தண்ணீர். குறை நம் கையில் இல்லை. குமிழுக்கும் முதுகுக்கும் இடையே குழாயில் தண்ணீர் பயணிக்கும் அந்தச் சில விநாடித் தாமதம்தான் காரணம். தகவல் தாமதமாக வந்தால், சரிசெய்யச் செய்யும் வேலையே ஆட்டத்தைக் கூட்டிவிடும். வாளியில் தாமதம் கிடையாது. போதாக்குறைக்கு, தவறு நேர்ந்தாலும் அது வாளிக்குள்ளேயே நேர்கிறது, உடம்பின் மேல் இல்லை.

இந்த ஆட்டத்தோடும் நம் கீசரோடும் தொடர்புள்ள இரண்டு காரியங்கள் 1868-ல் லண்டனில் நடந்தன. பெஞ்சமின் வாடி மான் என்ற வண்ணப் பூச்சாளர், ஓடும் தண்ணீரை எரிவாயுச் சுடரால் சூடாக்கும் கருவி ஒன்றைச் செய்து, ஐஸ்லாந்தின் கொதிநீர் ஊற்றின் பெயரை அதற்கு வைத்தார்: கீசர். இங்கிலாந்தில் அந்தப் பெயர் வழக்கொழிந்துவிட்டது. நாம் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம். அதே ஆண்டு ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல், நீராவி எஞ்சின்களின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பற்றி ராயல் சொசைட்டிக்கு ஒரு கட்டுரை கொடுத்தார். ஒரு கட்டுப்பாடு எப்போது அமைதியாக நிலைக்கும், எப்போது ஊசலாடிச் சீரழியும் என்று கணிதத்தில் சொன்ன முதல் கட்டுரைகளில் ஒன்று. மானின் கீசரில் கட்டுப்பாடு என்று சொல்ல எதுவும் இருக்கவில்லை. ஆபத்தான கருவி என்றே பெயர் எடுத்தது. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்க வெகு காலம் ஆயிற்று.

சந்தித்த இடம் தெர்மோஸ்டாட். எளிய கீசர் ஒன்றின் அடிமூடியைக் கழற்றினால் காயிலுக்குப் பக்கத்தில் பென்சில் கனத்தில் ஒரு குழல் தொட்டிக்குள் நீண்டிருக்கும். வெளியே பித்தளைக் குழல், உள்ளே இன்வார் என்ற உலோகக் கலவையில் ஒரு கம்பி. சூடானால் பித்தளை நீளும். இன்வார் ஏறக்குறைய நீளவே நீளாது. இரும்போடு 36 சதவீதம் நிக்கல் சேர்த்து 1896-ல் அதைக் கண்டுபிடித்தவர் பாரிசை அடுத்த செவ்ரில் வேலை பார்த்த சார்ல் எதுவார் கியோம். அதற்காகவே 1920-ல் இயற்பியல் நோபல் பரிசு. குழல் நீள, கம்பி நீளாமல் நிற்க, இரண்டுக்கும் உள்ள மயிரிழை வித்தியாசம் ஒரு சுவிட்சை இழுத்துவிடுகிறது. 60 டிகிரியில் அணைந்தால் 60-க்கு ஒரு டிகிரி கீழே போனதும் மறுபடி எரியாது. ஐந்தாறு டிகிரி இறங்கும்வரை காத்திருக்கும். அந்த இடைவெளி வேண்டுமென்றே வைத்தது. இல்லையென்றால் நிமிடத்துக்கு நிமிடம் 'டிக் டிக்' என்று அடித்துக்கொண்டு சுவிட்சு தேய்ந்துபோகும்.

இது புரிந்தால் ஒரு குடும்பச் சண்டையைத் தீர்த்துவைக்கலாம். வெளியூர்ப் பயணத்தில் கார் வில்லியனூரைத் தாண்டும்போது பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வரும்: "கீசர அணைச்சீங்களா?" அணைக்காவிட்டால் 2 கிலோவாட் நாள் முழுக்க ஓடி 48 யூனிட் போய்விடும் என்பது பயம். போகாது. தண்ணீர் சுட்டதும் தெர்மோஸ்டாட் அணைத்துவிடும். பிறகு சுவர் வழியாக ஒழுகும் சூட்டை மட்டும் அவ்வப்போது ஈடுகட்டும். அந்த ஒழுக்கு எவ்வளவு என்று கீசரின் நட்சத்திர லேபிளிலேயே அச்சிட்டிருக்கிறது: உள்ளுக்கும் வெளியுக்கும் 45 டிகிரி வித்தியாசம் இருக்கும்போது ஒரு நாளில் சும்மா இழக்கும் யூனிட். 15 லிட்டர் கீசரில் அது 0.5 என்று வைத்துக்கொள்வோம். நம் ஊரில் வித்தியாசம் 35 டிகிரிதான், ஆகவே 0.39 யூனிட். பயந்த 48 எங்கே, இது எங்கே? ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். ஒரு வாளிக் குளியலுக்கு 0.31 யூனிட்தான் ஆகிறது. கீசரை எப்போதும் போட்டே வைக்கும் வீட்டில், கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆள் தினமும் குளித்துவிட்டுப் போகிறார், நம்மைவிடக் கொஞ்சம் தாராளமாகவே.

இப்போது அத்தையின் பலோன். பிரான்சில் இரவில் மின்சாரத்துக்கு விலை குறைவு. 'எர் க்ரெஸ்' என்பார்கள். நேர்ப்பொருள் உள்ளே ஒன்றுமில்லாத, குழிவான மணி நேரங்கள். 1974-க்குப் பிறகு அந்நாடு அணுமின் நிலையங்களை வரிசையாகக் கட்டியது. அவற்றை ராத்திரி அணைத்துக் காலையில் ஏற்றுவது சுலபமில்லை. ஊர் தூங்கும்போது மிஞ்சும் மின்சாரத்தை எங்கே கொட்டுவது? வீட்டுக்கு வீடு நிற்கும் வெந்நீர்த் தொட்டிகளில் கொட்டினார்கள். அதற்கான சமிக்ஞையும் மின்கம்பி வழியாகவே போயிற்று. வழக்கமான 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தின் மேல் 175 ஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய துடிப்பை ஏற்றி அனுப்பினால், மின்பெட்டியில் இருக்கும் சாதனம் அதைக் கேட்டுச் சுவிட்சைப் போடும். அத்தை கேட்ட 'டக்' அதுதான். இணையம், கைபேசி எதுவும் வருவதற்கு முன்பே லட்சக்கணக்கான கீசர்கள் ஒரே ஆணைக்குக் கட்டுப்பட்டு எரிந்தன. 'ஸ்மார்ட்' என்ற சொல்லைக் கேட்டு ரொம்பவும் மயங்காமலிருக்க இந்தச் செய்தி உதவும்.

நம் பக்கமும் காற்று அப்படி வீசத் தொடங்கியிருக்கிறது, நேரம்தான் வேறு. இங்கே மிச்சம் ராத்திரியில் இல்லை, சூரிய மின்சாரம் பொங்கும் பகலில். 2023-ல் மத்திய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. சூரிய மணி எனப்படும் பகல் நேரத்தில் கட்டணம் வழக்கத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும். உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 1.1 மடங்கு. ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்பட்ட வீடுகளை நோக்கி இந்த விதி நகர்கிறது. அப்படியானால் அத்தை பாணியில், பிற்பகல் மூன்று மணிக்கு மலிவாகச் சுடவைத்து, மறுநாள் காலை ஆறு மணிக்குக் குளித்தால் என்ன?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 25 லிட்டர் கீசர், லேபிள் இழப்பு 0.7 என்று கொள்வோம். மூன்று மணிக்கு 60 டிகிரிக்கு ஏற்றியது, பதினைந்து மணி நேரம் கழித்து 50-க்கு இறங்கியிருக்கும். ஏற்றிய சூட்டில் 28 சதவீதம் சுவர் வழியே போய்விட்டது. பணமாகச் சொன்னால், நூறு ரூபாய்ச் சூட்டை 80 ரூபாய்க்கு வாங்கினேன். காலையில் கையில் இருப்பது 72 ரூபாய்ச் சூடு. நஷ்டம். காலை ஆறு மணி உச்ச நேரமாகவே இருந்தாலும் அந்த 72 சுமார் 79 ஆகும், அப்போதும் கட்டவில்லை.

அத்தைக்குக் கட்டுகிறதே, எப்படி? அளவில் இருக்கிறது ரகசியம். 25 லிட்டர் எட்டு மடங்கானால் 200 லிட்டர். ஆனால் உருவம் மாறாமல் கொள்ளளவு எட்டு மடங்காகும்போது மேற்பரப்பு நான்கு மடங்குதான் கூடும். சூடு ஒழுகுவது மேற்பரப்பு வழியாக. சூடு தங்குவது கொள்ளளவில். எனவே அதே கனத்தில் வெப்பக் காப்பு இருந்தால், பெரிய தொட்டி ஒரு லிட்டருக்குப் பாதிதான் இழக்கும். அதே பதினைந்து மணி நேரத்தில் அத்தையின் தொட்டிக்கு இழப்பு 15 சதவீதம். 80 ரூபாய் கொடுத்து 85 ரூபாய்ச் சூடு. யானை குளிரில் நடுங்காததும் சுண்டெலி நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருப்பதும் இதே கணக்கால்தான். நம் வீட்டுக் கீசர் சுண்டெலி ஜாதி. அதற்குச் சேமித்து வைக்கத் தெரியாது. வேண்டும்போது கொடுத்து, உடனே தீர்த்துவிட வேண்டும்.

இதெல்லாம் தெரியுமுன் நானும் ஒரு ஸ்மார்ட் பிளக் வாங்கியவன்தான். காலை 5 மணிக்கு எரிந்து 5.20-க்கு அணைய வேண்டும் என்று ஆப்பில் பதிந்தேன். ஒரு வாரம் ஒழுங்காக நடந்தது. பிறகு ஒரு நீண்ட மின்தடை. மறுநாள் குளிக்கப் போனபோது தண்ணீர் பச்சையாகவே இருந்தது. அதற்கடுத்த நாளும். மூன்றாம் நாள் விடுமுறை. வீட்டில் இருந்தபோது காலை 10.30-க்குக் கீசரின் விளக்கு பளிச்சென்று எரிவதைப் பார்த்தேன். ஐந்து மணிக்கும் பத்தரை மணிக்கும் இடையே ஐந்தரை மணி நேரம். எங்கேயோ கேட்ட எண் மாதிரி இருக்கிறதல்லவா? மின்தடையில் நேர மண்டலத்தை மறந்த அந்தப் பிளக், கிரீன்விச் நேரத்துக்குத் திரும்பிப் போய், லண்டனில் விடியும்போது புதுச்சேரியில் யாருமில்லாத வீட்டில் வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தது. கம்பெனியின் பெயர் வேண்டாம். பிறகு திருத்தி வைத்தேன், இன்றும் ஓடுகிறது.

யாருக்கு அது பயன்படும் என்று கேட்டால், மறதியுள்ள முதியவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கு. விருந்தினர்கள் பத்துக் கீசரையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கடற்கரைச் சாலைக்குப் போகும் தங்கும் விடுதிக்கு. குளித்து முடித்ததும் அணைக்கும் பழக்கமுள்ள சாதாரண வீட்டுக்கு ஆதாயம் மிகக் குறைவு. வாங்குவதானால் 16 ஆம்பியர் தாங்கும் பிளக்காகப் பாருங்கள். 2 கிலோவாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும், 3 கிலோவாட் 13. பத்து ஆம்பியர் பிளக் முதல் வாரம் தாங்கும், பிறகு பிளாஸ்டிக் வாசனை வரும். அதைவிட முக்கியம், வீட்டு மின்பெட்டியில் 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதா என்பது. அது இல்லாத வீட்டில் ஸ்மார்ட் பிளக்கைப் பற்றிப் பேசுவதே வீண்.

அறிவுள்ள கட்டுப்பாட்டுக்கு உண்மையிலேயே வேலை இருக்கும் இடம் நம் ஊரில் மொட்டை மாடி. அங்கே நிற்கும் சோலார் ஹீட்டரில் தொட்டி மேலே, தகடோ கண்ணாடிக் குழாய்களோ கீழே. வெயில் பட்டால் கீழே உள்ள தண்ணீர் சுட்டு, எடை குறைந்து, தானாக மேலேறும். தொட்டியின் அடியிலுள்ள குளிர்ந்த தண்ணீர் அந்த இடத்துக்கு இறங்கும். மோட்டார் கிடையாது. ராத்திரி வெயில் போனதும் ஓட்டம் தானாக நின்றுவிடும், தொட்டி உயரத்தில் இருப்பதால் சூடு திரும்பிக் கீழே இறங்காது. எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதைத் தண்ணீரின் எடையே முடிவு செய்கிறது. இதைவிட எளிய, பழுதாகாத கட்டுப்பாட்டுக் கருவியை நான் பார்த்ததில்லை. ஊருக்கு வெளியே ஆரோவில்லில், 1990களில் அமைந்த சோலார் கிச்சனின் கூரையில் இதன் எதிர்முனையைப் பார்க்கலாம். 15 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கிண்ணம் அசையாமல் கிடக்கும். குவியும் ஒளியைப் பிடிக்கும் கொதிகலனைச் சூரியன் போகும் பக்கமெல்லாம் கணினி நகர்த்திக்கொண்டே இருக்கும். சுமார் ஆயிரம் பேர் சாப்பாட்டுக்கு நீராவி. அதற்கும் மேகம் மூடினால் டீசல் கொதிகலன் துணைக்கு வேண்டியிருக்கிறது.

வீட்டு சோலாரிலும் வம்பு அந்தத் துணையில்தான். 100 லிட்டர் தொட்டிக்குள் மேகமூட்ட நாளுக்காக 2 கிலோவாட் காயில் ஒன்றை வைத்துக் கொடுக்கிறார்கள். பல வீடுகளில் அதன் சுவிட்சு கார்த்திகையில் போட்டது பங்குனிவரை அணைவதில்லை. முதல் ஆள் குளித்ததும் காயில் எரிந்து தொட்டியைச் சுடவைத்துவிடும். ஏழு மணிக்குச் சூரியன் வந்து பார்த்தால் அவனுக்கு வேலை இல்லை. வெயிலில் இலவசமாகக் கிடைத்திருக்க வேண்டிய நாலு யூனிட்டை மீட்டரில் ஓட்டியாயிற்று. இங்கே வேண்டியது மிக எளிய ஒரு விதி: பகல் முழுக்கக் காயிலைத் தொடாதே, விடியற்காலை நாலரைக்குத் தொட்டியின் மேல்பகுதியைத் தொட்டுப் பார், 45 டிகிரிக்குக் கீழே இருந்தால் மட்டும் எரி. மேல்பகுதி என்பது முக்கியம். வெந்நீர் மேலே மிதக்கும், பச்சைத் தண்ணீர் அடியில் தங்கும். குளியலறைக்கு மேலிருந்துதான் போகிறது. அடியில் உணரியை வைத்தால், மேலே இரண்டு வாளிக்கு நல்ல சூடு இருக்கும்போதே 'தொட்டி ஆறிவிட்டது' என்று அது பொய் சொல்லும். ஒரு உணரி, ஒரு டைமர், காயிலைப் போட்டு அணைக்கும் ஒரு காண்டாக்டர். எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. வைஃபை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

எத்தனை டிகிரியில் வைப்பது என்பது மட்டும் பாக்கி. 15 லிட்டரை 60-க்கு ஏற்றினால், பச்சைத் தண்ணீர் விளாவி 35 லிட்டர் குளியல் தண்ணீர் கிடைக்கும். ஏறக்குறைய இரண்டு வாளி. 45 வைத்தால் 20 லிட்டர், ஒரு வாளி. ஒருவர் குளிக்கப் போகும் நாளில் 60 தேவையில்லை. நம் ஊர்த் தண்ணீருக்கும் குறைந்த சூடே நல்லது. இன்று நகரம் குடிப்பதும் குளிப்பதும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். சூடு ஏற ஏற அதிலுள்ள கால்சியம் பைகார்பனேட் சுண்ணாம்பாக மாறிக் காயிலின் மேல் ஓடு கட்டும். "உப்பு படிஞ்சிடுச்சு சார்" என்று மெக்கானிக் தட்டிக் காட்டுவாரே, அது. தெர்மோஸ்டாட் குழலின் மேலும் அதே ஓடு படிந்தால், தண்ணீர் சுட்ட சேதி அதற்குத் தாமதமாக எட்டும். ஷவரில் பார்த்த அதே வியாதி.

அதற்காக 40-லேயே வைத்து நாள் முழுக்கப் போட்டுவிடுவதும் தவறு. 1976-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில், முன்னாள் படைவீரர் சங்கம் ஒன்று கூடிய ஹோட்டலில் இனம்தெரியாத நிமோனியா பரவி 34 பேர் இறந்தார்கள். மறு ஆண்டு கண்டுபிடிக்கப்பட்ட அந்த பாக்டீரியாவுக்கு லீஜியனெல்லா என்று பெயர். வெதுவெதுப்பான, தேங்கிய தண்ணீரில் அது பெருகும். 60 டிகிரியில் அரை மணி நேரத்துக்குள் அழிந்துவிடும். தினம் சுட்டுத் தினம் தீரும் சின்னக் கீசரில் கவலை குறைவு. பெரிய தொட்டியும் நீண்ட குழாயும் உள்ள இடங்களில் வாரம் ஒருமுறையாவது 60-க்கு ஏற்றி இறக்க வேண்டும். நல்ல கட்டுப்பாட்டுக் கருவிகளில் அதற்கென்றே ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஆனால் 60 டிகிரித் தண்ணீர் நேராகக் குழந்தையின் மேல் பட்டால் சில விநாடியில் தோல் வெந்துவிடும். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீரைப் பிடித்துவிட்டுப் பிறகு வெந்நீரைத் திறக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மறுநாள் வெயிலும் இல்லை, கரண்டும் இல்லை, நெட்டும் இல்லை. சோலார், கீசர், பிளக் எல்லாம் பேசாமல் இருந்தன. காஸ் அடுப்பில் அண்டாவை ஏற்றினாள் அம்மா. கொதித்ததும் நான் தூக்கிவந்து, பாதிக்கு மேல் பச்சைத் தண்ணீர் பிடித்திருந்த வாளியில் ஊற்ற, அம்மா செம்பை எடுத்து இன்னும் இரண்டரைச் செம்பு பச்சைத் தண்ணீர் விட்டு, விரலை விட்டுப் பார்த்து, "போ, சரியா இருக்கு" என்றாள். தெர்மாமீட்டரை எடுத்துவந்து விட்டுப் பார்த்தேன். 41.

அத்தை போன பிறகு ஒருநாள் தொலைபேசியில் பேசினார். மின்சார நிறுவனத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறதாம். பிரான்சிலும் இப்போது பகலில் சூரிய மின்சாரம் மிஞ்சுகிறது. அதனால் 2025 நவம்பரில் தொடங்கி, மலிவு மணிகளில் ஒரு பகுதியை ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் படிப்படியாகப் பிற்பகலுக்கு மாற்றுகிறார்கள். அத்தையின் பலோன் இனி மத்தியானத்திலும் 'டக்' என்று எரியும்.